மரியா வருவாளா?

விடியற்காலம் ஐந்தே முக்கால் மணி இருக்கும். ஒரு மலைச்சரிவில், பலகைகளால் அடைத்த சின்னஞ்சிறு மறைப்புக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. இருமல் வந்தவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். மழையா, பனியா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று எல்லார் முகத்தையும் நனைத்துக்கொண்டே இருக்கிறது. மார்கழி மாதத்தில் சந்நிதிக் கதவு திறப்பதற்காக நிற்கும் கூட்டத்தைப் போல, அத்தனை கண்களும் இருட்டில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இவர்கள் காத்திருப்பது ஒரு பறவைக்காக. சுடுவதற்கு அல்ல, பிடிப்பதற்கும் அல்ல. பார்ப்பதற்கு மட்டுமே.

நேயர்களும் என்னோடு இந்தக் கூட்டத்தில் வந்து நின்றுகொள்ளலாம். பிரயாணச் செலவு கிடையாது. மனத்தால் போகிற பிரயாணந்தான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. நான் மட்டும் உங்கள் காதோடு காதாகச் சில பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவேன்.

நாம் நிற்கும் இடம் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாடு. பூமத்திய ரேகை குறுக்கே ஓடுவதால் அந்த நாட்டுக்கு ரேகையின் பெயரையே வைத்துவிட்டார்கள். தலைநகரமான கீட்டோ, கடல் மட்டத்துக்கு 9,000 அடிக்கும் மேலே, ஆண்டீஸ் மலைத்தொடரின் மடியில் இருக்கிறது. அங்கிருந்து இருட்டோடு மோட்டாரில் புறப்பட்டு, வடமேற்கே வளைந்து வளைந்து இறங்கினால், பொழுது புலர்வதற்குள் நானேகலீட்டோ என்ற சிற்றூரை அடுத்த மலைகளுக்கு வந்து சேரலாம்.

பசிபிக் சமுத்திரத்திலிருந்து ஈரக்காற்று வருகிறது. மலை குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் ஆகாயத்தில் போய்விடாமல் மரங்களுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இதை முகிற்காடு என்கிறார்கள். மரத்தின் மேல் பாசி. பாசியின் மேல் பெரணி. பெரணியின் பக்கத்தில் ஆர்க்கிட் பூ. ஒவ்வொரு கிளையும் ஒரு தோட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மழை பெய்யாத நாளிலும் இலை நுனிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டேயிருக்கும்.

அதோ, ஆரம்பமாகிவிட்டது! பன்றிகள் உறுமுவது போலவும், துருப்பிடித்த கீல் கிறீச்சிடுவது போலவும் ஒரு சப்தம். இவ்வளவு அவலட்சணமான குரல் எந்தப் பிராணியுடையதோ என்று நாம் யோசிக்கும்போதே கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. வெளிச்சம் வந்ததும் மூச்சு நின்றுவிடுகிறது. கிளைக்குக் கிளை இரத்தச் சிவப்பாகப் பறவைகள்! அலகே தெரியாதபடி விசிறி போல் விரிந்த கொண்டை, கன்னங்கரிய சிறகு, அதன் மேல் சாம்பல் பூத்த வெள்ளிப் பட்டை. இதன் பெயர் பாறைச் சேவல். பெரு தேசத்தின் தேசியப் பறவையும் இதுதான். மலைத்தொடருக்குக் கிழக்கே ஆரஞ்சு நிறம். மேற்கே இந்தச் சிவப்பு.

ஆண்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடிக் குனிந்தும் நிமிர்ந்தும் சிறகடித்தும் ஆடுகிறார்கள். மங்கிய பழுப்பு நிறமுள்ள பெண் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுத் தனக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறாள். பிறகு பாறை இடுக்கில் மண்ணால் கூடு கட்டுவதும், அடை காப்பதும், குஞ்சுகளை வளர்ப்பதும் அவள் ஒருத்தியின் பொறுப்பு. மாப்பிள்ளை மறுநாள் காலையில் மறுபடியும் ஆடப் போய்விடுகிறார்!

இந்தச் சிவப்பு இறகுகளைப் பார்க்கும்போது எனக்குத் தொப்பிகளின் ஞாபகம் வருகிறது. அதுதான் நான் சொல்ல வந்த பழைய கதை.

1886-ம் வருஷம் நியூயார்க் நகரத்தில், பிராங்க் சாப்மன் என்ற இருபத்தோரு வயது வாலிபர் கடைவீதியில் நடந்துகொண்டிருந்தார். பாங்கியில் உத்தியோகம், பறவைகளில் பித்து. இரண்டு நாள் பிற்பகல் அவர் ஒரு விநோதமான கணக்கு எடுத்தார். எதிரே வந்த சீமாட்டிகளின் தொப்பிகளை எண்ணினார். மொத்தம் 700 தொப்பிகள். அவற்றில் 542 தொப்பிகளில் இறகுகள் செருகப்பட்டிருந்தன. சிலவற்றில் இறகு மட்டுமல்ல, பறவையே உட்கார்ந்திருந்தது. பஞ்சு அடைத்து, கம்பியில் நிறுத்திய பறவை. காட்டில் பழகிய கண்ணல்லவா? எந்த இறகு எந்தப் பறவையுடையது என்று அவருக்குத் தெரிந்தது. நாற்பது இனங்களை அடையாளம் கண்டார். பறவை பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, கடைவீதிக்கு வந்தால் போதும் என்ற நிலைமை!

அந்தத் தொப்பிகளின் பசிக்கு ஆண்டீஸ் மலையும் இரை கொடுத்தது. கீட்டோ, பொகோட்டா என்ற இரண்டு நகரங்களின் பெயர்களும் அக்காலத்து ஐரோப்பிய வியாபாரிகளுக்கு மனப்பாடம். சுற்றுவட்டாரத்து மலைகளில் கொன்ற பறவைகளின் தோல்கள் அங்கே வந்து சேரும், அங்கிருந்து கப்பலேறும். முக்கியமான சரக்கு ரீங்காரச் சிட்டு. கட்டை விரல் அளவே உள்ள உடம்பு. சிறகடிக்கும் வேகத்தில் வண்டு போல் இரையும். கழுத்தில் வெயில் பட்டால் மரகதமும் மாணிக்கமும் மாறி மாறித் தெரியும். லண்டன் ஏல சாலையில் இவற்றின் தோல்கள் ஆயிரக்கணக்கில் ஏலம் போயின. ஒரு பறவை இறந்தால்தான் அதற்கு விலை. உயிரோடு இருக்கும் வரையில் ஒரு காசு பெறாது.

விஞ்ஞானிகள் மட்டும் வேறு விதமாக இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஜான் கூல்டு என்று ஒரு பிரசித்தி பெற்ற ஆங்கிலேயர். ரீங்காரச் சிட்டுகளைப் பற்றி வண்ணப் படங்களோடு பிரம்மாண்டமான புத்தகத் தொகுதிகள் வெளியிட்டவர். 1851-ம் வருஷம் லண்டனில் மகா கண்காட்சி நடந்தபோது, மிருகக்காட்சி சாலைத் தோட்டத்தில் தமது சேகரத்தைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காட்டினார். ஆளுக்கு ஆறு பென்னி கட்டணம். எழுபத்தையாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். விக்டோரியா மகாராணியும் வந்தார். ஆனால் அன்றைய தினம் வரையில் கூல்டு உயிருள்ள ரீங்காரச் சிட்டு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை! 1857-ல் அமெரிக்காவுக்குப் போனபோதுதான், பிலடெல்பியா நகரத் தோட்டம் ஒன்றில் முதன்முதலாக அது பறப்பதைக் கண்டார். தம் வாழ்நாளையே ஒரு பறவைக்கு அர்ப்பணித்த மனிதர், ஐம்பத்து மூன்றாவது வயதில் அதன் ரீங்காரத்தைக் கேட்டார். ஒரு கதாசிரியன் இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், நம்ப முடியவில்லை என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

எதிர்ப்பு, தொப்பி போடும் வீடுகளிலிருந்தே கிளம்பியது. 1889-ல் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டருக்கு அருகே, எமிலி வில்லியம்ஸன் என்ற அம்மாள், இறகு அணிவதில்லை என்று உறுதி கொண்ட பெண்களைத் தம் வீட்டில் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் பிற்காலத்தில் பறவைப் பாதுகாப்புக்கான பெரிய சங்கமாக வளர்ந்தது. ஆனாலும் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறியது 1921-ம் வருஷத்தில்தான். முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று!

நமது பாங்கி வாலிபர் என்ன ஆனார்? பாங்கி வேலையை விட்டுவிட்டு, நியூயார்க் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலையில் சேர்ந்து பெரிய நிபுணரானார். அந்தக் காலத்து அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தினத்தன்று ஒரு விளையாட்டு உண்டு. இரு கட்சியாகப் பிரிந்து காட்டுக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் சுட வேண்டும். குவியல் எந்தக் கட்சிக்குப் பெரிதோ அந்தக் கட்சிக்கு வெற்றி. 1900-ம் வருஷம் சாப்மன் ஒரு யோசனை சொன்னார்: சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே? அந்தக் கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் எண்ணினார்கள். இன்றைக்கு அந்த எண்ணிக்கை பல தேசங்களில் வருஷந்தோறும் நடக்கிறது. நாம் நிற்கிறோமே, இந்த மலைப் பிரதேசத்திலும் நடக்கிறது. உலகத்திலேயே மிக அதிகமான பறவை இனங்கள் எண்ணப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. கடைவீதியில் இறந்த பறவைகளை எண்ண ஆரம்பித்த அதே மனிதர்தான் உயிருள்ள பறவைகளை எண்ணும் வழக்கத்தையும் உண்டாக்கினார்.

அவருக்கும் இந்த மலைக்கும் உள்ள சம்பந்தம் அதோடு முடியவில்லை. கொலம்பியாவின் பறவைகளைப் பற்றி 1917-லும், ஈக்வடாரின் பறவைகளைப் பற்றி 1926-லும் சாப்மன் இரண்டு பெரிய நூல்கள் வெளியிட்டார். அவற்றின் சாரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆண்டீஸ் மலை ஒரு மாடி வீடு. ஒவ்வொரு மாடியிலும் குடியிருக்கும் பறவைகள் வேறு. கீழே வெப்பக் காடு, அதற்கு மேலே முகிற்காடு, அதற்கும் மேலே குளிர்க் காடு, உச்சியில் புல்வெளி. முகிற்காட்டுப் பறவைகளிலே பல, மேலேயும் போகமாட்டா, கீழேயும் இறங்கமாட்டா. மலையின் இடுப்பில் ஒட்டியாணம் பூட்டியது போன்ற குறுகிய வளையமே அவற்றுக்கு உலகம். அந்த வளையத்தை வெட்டிவிட்டால் அவை குடி பெயர்ந்து போவதற்கு வேறு இடம் கிடையாது.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்த உண்மையைக் கண்டுபிடிப்பதற்குச் சாப்மனும் அவருடைய ஆட்களும் ஆயிரக்கணக்கான பறவைகளைச் சுட்டுத்தான் தோல் சேகரித்தார்கள். அக்காலத்து விஞ்ஞானத்துக்கு வேறு வழி தெரியவில்லை.

பொழுது விடிந்துவிட்டது. பாறைச் சேவல்கள் கலைந்துவிட்டன. வாருங்கள், வழிகாட்டியின் பின்னால் நடக்கலாம். பாதை வழுக்கும், ஜாக்கிரதை.

முன்னால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர்தான் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர். பெயர் ஆன்ஹெல் பாஸ். ஸ்பானிஷ் மொழியில் ஆன்ஹெல் என்றால் தேவதூதன். பாஸ் என்றால் சமாதானம். கையில் ஒரு சிறிய டப்பா வைத்திருக்கிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் இவர் எந்த உலகத்திலிருந்து வந்தவர் என்பதைத் தெரிந்துகொள்வோம்.

இறகு வியாபாரம் ஒழிந்ததும் பறவைகளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைப்போம். இல்லை. துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் கோடாலி வந்தது. 1964-ம் வருஷம் ஈக்வடாரில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பெரிய பண்ணைகளில் அடிமைகளைப் போல் உழைத்துக்கொண்டிருந்த ஏழைகளுக்கு நிலம் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் ஆளில்லாத காட்டு நிலங்களில் குடியேறுவதற்கும் அந்தச் சட்டமே வழி செய்தது. நிலத்தைப் பயன்படுத்துகிறோம் என்று காட்டினால்தான் பாத்தியதை. காட்டைப் பயன்படுத்துவது என்றால் அதை வெட்டுவது என்று அர்த்தம். மரம் நிற்கும் நிலம் வெறும் நிலம்; மரம் விழுந்த நிலம் சொத்து. மேற்குச் சரிவுகளில் காடு பெரும்பாலும் போய்விட்டது. வெட்டியவர்கள் துஷ்டர்கள் அல்ல. குழந்தை குட்டிகளோடு வந்த ஏழைக் குடியானவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பாஸ் குடும்பமும் அப்படி மரம் வெட்டியும், பழச் செடிகள் பயிரிட்டும் பிழைத்த குடும்பந்தான். சகோதரர்களின் நிலத்தில் பாக்கியிருந்த காட்டில் பாறைச் சேவல்கள் கூடி ஆடும் இடம் ஒன்று இருந்தது. அதைப் பார்க்க அந்நிய தேசத்தவர் பணம் கொடுப்பார்கள் என்று தெரியவந்தது. பறவையைப் பார்க்கப் பணமா? யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். 2005-ம் வருஷம் வாக்கில் ஆன்ஹெல் பாஸ் அந்த இடத்துக்குப் பாதை வெட்ட ஆரம்பித்தார். மண்ணைக் கொத்தக் கொத்த மண்புழுக்கள் வெளிப்பட்டன. அவற்றைத் தின்பதற்காகப் புதரிலிருந்து உருண்டையான ஒரு பறவை தயங்கித் தயங்கி வெளியே வந்தது.

அந்தப் பறவைக்குப் பெரிய ஆண்ட்பிட்டா என்று பெயர். எறும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு பிட்டா என்ற சொல்லைச் சேர்த்த பெயர் அது. பிட்டா எந்தப் பாஷை தெரியுமா? நமது அண்டை வீட்டுத் தெலுங்கு! தெலுங்கில் சிறு பறவைக்குப் பிட்ட என்று பெயர். நம் ஊரில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்று சொல்கிறோமே, அதற்கு ஐரோப்பிய விஞ்ஞானிகள் அந்தத் தெலுங்குச் சொல்லையே பெயராக வைத்தார்கள். பிறகு ஆண்டீஸ் மலையில், நெடுங்காலும் குட்டை வாலுமாக ஏறக்குறைய அதே சாயலில் வேறொரு குடும்பத்துப் பறவைகளைக் கண்டபோது, அவற்றுக்கும் அந்தப் பெயரை ஒட்டவைத்துவிட்டார்கள். இப்படி ஒரு தெலுங்குச் சொல் சமுத்திரம் தாண்டி முகிற்காட்டுக்குள் குடியேறியிருக்கிறது.

பெரிய ஆண்ட்பிட்டாவை 1866-ல் விஞ்ஞானிகள் பெயரிட்டுப் பதிவு செய்தார்கள். ஆனால் அதை உயிரோடு பார்த்தவர்கள் வெகு சொற்பம். பழுப்பு நிறம், தரையிலே நடமாட்டம், இருட்டான புதரை விட்டு வெளியே வராத கூச்சம். குரல் கேட்கும், உருவம் தெரியாது. எத்தனையோ நிபுணர்கள் நாள் கணக்காகத் தவம் கிடந்து ஏமாந்து போனார்கள்.

ஆன்ஹெல் பாஸ் நிபுணர் அல்ல, குடியானவர். கோழிக்கு இரை போடத் தெரிந்தவர். தினமும் காட்டுக்குப் போய்ப் புழுவை எறிந்தார். பறவை ஓடியது. மறுபடியும் எறிந்தார். மறுபடியும் ஓடியது. மனிதர் விடவில்லை. கடைசியில் ஒரு நாள் அது நின்றது, புழுவை எடுத்துக்கொண்டது. அதற்கு அவர் மரியா என்று பெயர் வைத்தார். மரியா, வா, வா என்று ஸ்பானிஷில் கூப்பிட்டால், அவள் பாதைக்கு வந்து நிற்க ஆரம்பித்தாள். சாப்மனின் துப்பாக்கியால் கிட்டாத அந்தத் தரிசனம் இவருடைய மண்புழுவுக்குக் கிட்டியது!

செய்தி பரவியது. உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஆட்கள் மரியாவைப் பார்க்க வந்தார்கள். கோடாலி மூலைக்குப் போயிற்று. மற்ற ஆண்ட்பிட்டா இனங்களும் புழுவுக்குப் பழகின. கொலம்பியாவிலும் பெருவிலும் இந்த முறையைக் கற்றுக்கொண்டு, தங்கள் மலைகளிலும் பறவைகளைக் கூப்பிடலானார்கள். அவர் கையிலுள்ள டப்பாவில் இருப்பது என்ன என்று இப்போது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

நேயர்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். புழுவைக் காட்டிக் கூப்பிடுவதும் ஒரு வகையில் பிடிப்பதுதானே? காட்டுப் பறவையைச் சம்பளத்துக்கு வேலை பார்க்க வைப்பது சரியா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் உண்டு. பார்க்க வருகிறவர்களின் பணத்தால் நிற்கும் காடு, அவர்கள் வராவிட்டால் என்ன ஆகும்? 2020-ம் வருஷம் கொள்ளைநோய் வந்தபோது ஈக்வடார் தன் எல்லையை மூடியது. விமானம் இல்லை, விருந்தாளி இல்லை, வருமானம் இல்லை. இறகின் விலை, மரத்தின் விலை என்று சொன்ன காலம் போய்ப் பார்வையின் விலை என்று சொல்கிற காலம் வந்திருக்கிறது. அதுவும் விலைதான். சந்தைச் சரக்கு எதுவானாலும் ஒரு நாள் விழத்தானே செய்யும்?

இந்தக் கேள்வியை அந்த நாட்டு ஜனங்களும் யோசித்திருக்க வேண்டும். 2008-ல் அவர்கள் எழுதிக்கொண்ட புதிய அரசியல் சட்டத்தில், இயற்கைக்கே உரிமைகள் உண்டு என்று விதித்தார்கள். உலகத்தில் வேறெந்தத் தேசமும் அதற்கு முன் தன் அரசியல் சட்டத்தில் அப்படி எழுதியதில்லை. 2021-ல், இதே வடமேற்குப் பகுதியைச் சேர்ந்த லோஸ் சேத்ரோஸ் என்ற முகிற்காட்டில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த விதியைக் காட்டித் தீர்ப்பளித்தது. 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் கீட்டோ வட்டாரத்து வாக்காளர்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: நானேகலீட்டோவும் அடங்கிய இந்த மலைக்காட்டுப் பிரதேசத்தில் இனி உலோகச் சுரங்கங்களுக்கு அனுமதி கொடுக்காமல் தடுத்துவிடலாமா? மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் தடுக்கலாம் என்று வாக்களித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். மரியாவின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பார்க்கக் கட்டணம் கொடுக்காதவர்களும் காட்டுக்காகக் கை தூக்கினார்கள் அல்லவா? எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

உஷ்! வழிகாட்டி நின்றுவிட்டார். கையை உயர்த்துகிறார். மரியா, மரியா என்று மெல்லிய குரலில் கூப்பிடுகிறார். ஒரு புழுவை எடுத்துப் பாதையில் போடுகிறார். நாம் ஆடாமல் அசையாமல் நிற்கிறோம். மூங்கில் புதருக்குள் ஏதோ அசைந்தது போல் இருக்கிறது. காற்றாகவும் இருக்கலாம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மரியா வருவாளா? சில காலைகளில் வருவாள். சில காலைகளில் வரமாட்டாள். வராத நாளில், மலை மேல் உள்ள வீட்டில் வாழைக்காயை மசித்துப் பாலாடைக்கட்டி வைத்த சூடான உருண்டையைக் காலை ஆகாரமாகத் தின்றுவிட்டு, ஈரச் சட்டையோடு திரும்ப வேண்டியதுதான். அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

லண்டன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பறவைகள், ஆறு பென்னி கொடுத்தவர்களை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.